ஹாலஜனேஸ் மரபணு இருக்கு, குளோரின் எங்கே?

பிப்ரவரி 3, மாலை 6.15 | குளத்தங்கரை

நன்னீர் இழைப்பாசி (சயனோபாக்டீரியா) ஒண்ணு. ஜீனோம் படிச்சாச்சு. ஆன்டிஸ்மாஷ் (மரபணுத் தொகுதி தேடும் மென்பொருள்) ஓட்டினதுல ஒரு என்.ஆர்.பி.எஸ் (ரைபோசோம் இல்லாம பெப்டைடு கட்டும் நொதி) தொகுதிக்குள்ள "ஹாலஜனேஸ்"னு (குளோரின், புரோமின் மாதிரி ஹாலஜனை ஒட்டும் நொதி) காட்டுது. குடும்பப் பெயர் ஃபைட்டனாயில்-கோஏ டைஆக்சிஜனேஸ்னு வருது, பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொண்ணும் இருக்கு. பிஜி-11 ஊடகத்துல 4 வாரம் வளர்த்து, மெத்தனால் சாறு எடுத்து, எல்.சி-எம்.எஸ் (பொருள்களைப் பிரிச்சு நிறை பார்க்கும் கருவி) பாசிட்டிவ் மோடுல ஓட்டினேன். குளோரின் இருந்தா தெரியற 3:1 ஐசோடோப்பு ஜோடி ஒண்ணுகூட இல்லை. மரபணு செத்துப்போச்சுன்னு எடுத்துக்கலாமா?

பிப்ரவரி 3, இரவு 10.40 | பழைய குடுவை

செத்துப்போச்சா என்று கேட்பதற்கு முன்னால் உப்பு போட்டீர்களா என்று பாருங்கள். பிஜி-11-ல் ஹாலைடே (குளோரைடு, புரோமைடு) கிடையாது. இல்லாத உப்பை எந்த நொதி எடுத்து ஒட்டும்?

இதற்கு ஆகச் சிறந்த உதாரணம் ஏடோக்தோனோஸ் ஹைட்ரில்லிகோலா என்ற பாசி, சுருக்கமாகக் கழுகுக்கொல்லி. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து டிகிரே ஏரியில் 1994–95 குளிர்காலத்தில் 29 வெண்தலைக் கழுகுகள் செத்தன. மூளையின் வெள்ளைப் பகுதி முழுக்கக் குமிழ் குமிழாக ஓட்டை. ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலை அடிப்புறத்தில் ஒட்டி வளரும் இந்தப் பாசிமேல் சந்தேகம் விழுந்தது. பாசியைத் தின்னும் நாமக்கோழியைக் கழுகு தின்கிறது. ஆனால் ஆய்வகத்தில் தனியாக வளர்த்த பாசி யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஏரியிலிருந்து எடுத்த இலையை நிறைமானியின் லேசரால் புள்ளி புள்ளியாகப் படம் எடுத்தபோதுதான் பாசித் திட்டுகளில் மட்டும் 649.6 என்ற நிறையில் ஒரு சிகரம் தெரிந்தது. அதில் 5 புரோமின். ஊடகத்தில் பொட்டாசியம் புரோமைடு சேர்த்தார்கள், நஞ்சு வந்துவிட்டது. 2021 மார்ச்சில் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை.

ஆகவே லிட்டருக்கு 50 மில்லிகிராம் பொட்டாசியம் புரோமைடு (0.42 மில்லிமோலார்) போட்டு மறுபடி வளருங்கள்.

பிப்ரவரி 4, காலை 7.20 | பழைய குடுவை

ராத்திரி எழுதியதில் ஒரு வரி தப்பு. பிஜி-11-ல் புரோமைடுதான் இல்லை, குளோரைடு இருக்கிறது. கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் லிட்டருக்கு 36 மில்லிகிராம், அதாவது 0.245 மில்லிமோல். ஒன்றுக்கு இரண்டு குளோரைடு என்றால் 0.49 மில்லிமோலார். நுண்தாதுக் கலவையின் மாங்கனீசு குளோரைடிலிருந்து இன்னொரு 0.018. மொத்தம் அரை மில்லிமோலார். கடல்நீரின் 546 மில்லிமோலாரோடு பார்த்தால் துளிதான். ஆனாலும் லிட்டருக்குச் சில மில்லிகிராம் பொருள் செய்யப் போதும்.

எனவே குளோரின் ஒட்டும் நொதி என்றால் பட்டினி ஒரு சாக்கு ஆகாது. புரோமின் ஒட்டும் நொதிக்குத்தான் ஆகும்.

பிப்ரவரி 4, காலை 9.05 | பழைய குடுவை

கடல் இழைகளை ஏஎஸ்என்-3 என்ற ஊடகத்தில் வளர்ப்பவர்களும் இதைக் கவனிக்கவும். லிட்டருக்கு 25 கிராம் சோடியம் குளோரைடு போகிறது, ஆனால் செய்முறையில் புரோமைடு என்ற வரியே இல்லை. கடல்நீரில் லிட்டருக்கு 67 மில்லிகிராம் புரோமைடு உண்டு. அதற்கு ஈடாக 100 மில்லிகிராம் பொட்டாசியம் புரோமைடு சேர்க்க வேண்டும். கடலிலிருந்து வந்த பாசி குடுவைக்குள் வந்ததும் "புரோமின் பொருள் செய்வதை நிறுத்திவிட்டது" என்று எழுதப்படுவதில் ஒரு பங்கு இந்தக் காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

பிப்ரவரி 4, மதியம் | உப்பளத்தான்

எங்க ஊர்ப் பக்கம் உப்பள உப்பு மூட்டை மூட்டையா கிடக்கு. அதையே போட்டா புரோமைடும் சேர்ந்து வந்துடாதா?

பிப்ரவரி 4, இரவு | பழைய குடுவை

வரும். எவ்வளவு என்பது உப்பை வாரி எடுத்த நாளைப் பொறுத்தது. புரோமைடு பெரும்பாலும் உப்பு படிந்தபின் மிஞ்சும் கசப்பு நீரில்தான் தங்கும். கசப்பு நீர் வடியாத உப்பில் கூட, நன்றாக வடிந்ததில் குறைய. ரசத்துக்குப் பரவாயில்லை. ஆய்வுக்குத் தூய உப்பை வாங்கி, புரோமைடைத் தனியாக நிறுத்துப் போடுங்கள்.

பிப்ரவரி 5, இரவு 11.30 | பழைய குடுவை

"ஹாலஜனேஸ்" என்று ஒற்றைச் சொல்லில் பேசுவதால் வரும் குழப்பம் பெரியது. சயனோபாக்டீரியாவில் குறைந்தது மூன்று வேறு வேறு வேதியியல் இந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. எது என்று தெரிய, ஹாலஜன் உட்காரும் கார்பனைப் பாருங்கள்.

பென்சீன் வளையம், இண்டோல், பீனால் போல எலக்ட்ரான் நிறைந்த கார்பன் என்றால் ஃபிளேவின் வகை. ஒடுக்கப்பட்ட ஃபிளேவினும் (எஃப்.ஏ.டி) ஆக்சிஜனும் சேர்ந்து பெராக்சைடு ஆகிறது. அதைக் குளோரைடோ புரோமைடோ தாக்கினால் ஹைப்போகுளோரஸ் அமிலமோ ஹைப்போபுரோமஸ் அமிலமோ உண்டாகும். அது நொதிக்குள்ளேயே சுமார் 10 ஆங்ஸ்ட்ராம் நீளக் குழாய் வழியாகப் போய், ஒரு லைசினின் பிடியில் நின்று, வளையத்தைத் தாக்குகிறது. நாஸ்டாக் செய்யும் கிரிப்டோஃபைசினின் குளோரோடைரோசின் பகுதி இப்படித்தான் குளோரின் பெறுகிறது. சாதாரணமாக ஃபிளேவினை ஒடுக்கித் தர இன்னொரு நொதி வேண்டும். கழுகுக்கொல்லியின் ஏட்எஃப் என்ற ஹாலஜனேஸ் அந்த வேலையையும் தானே செய்துகொள்ளும். என்.ஏ.டி.பி.எச் (ஒடுக்க உதவும் துணைப்பொருள்) கொடுத்தால் போதும்.

வெறும் சி–எச் பிணைப்பு, லியூசினின் மெத்தில் போல எதற்கும் அசையாத கார்பன் என்றால் இரும்பு வகை. இரும்பு, ஆல்ஃபா-கீட்டோகுளுட்டரேட், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து நாலாம் நிலை இரும்பு–ஆக்சோ உண்டாகிறது. அது ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். மிஞ்சும் தனி எலக்ட்ரான் கார்பன், இரும்போடு ஒட்டியிருக்கும் குளோரைடை இழுத்துக்கொள்ளும். சாதாரண ஹைட்ராக்சிலேஸில் இரும்பை இரண்டு ஹிஸ்டிடினும் ஒரு அஸ்பார்ட்டேட் அல்லது குளுட்டமேட்டும் பிடித்திருக்கும். ஹாலஜனேஸில் அந்த அமிலத்தின் இடத்தில் அலனைனோ கிளைசினோ இருக்கும். காலியான இடத்தில் குளோரைடு உட்காரும். வெல்ஓ5 என்ற நொதியில் அது 166-ஆம் கிளைசின். அதை அஸ்பார்ட்டேட்டாக மாற்றினால் நொதி குளோரினை விட்டுவிட்டு ஹைட்ராக்சில் போட ஆரம்பிக்கிறது. ஒரே ஓர் அமினோ அமிலம்.

மூன்றாவது, இரண்டு உலோக அயனி வகை. சில்சி என்பது அதன் பெயர். அது பற்றித் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் அங்கேதான் குளோரின் காணாமல் போகிறது.

வனேடியம் வகையும் உண்டு. சினெக்கோகாக்கஸ் சிசி9311 என்ற கடல் இனத்தில் புரோமோபெராக்சிடேஸ் காட்டப்பட்டிருக்கிறது. அது ஹைப்போபுரோமைட்டைப் பெரும்பாலும் வெளியே அவிழ்த்து விடும் ரகம். உங்கள் தொகுதிக்குச் சம்பந்தமில்லை.

பிப்ரவரி 6, காலை | பழைய குடுவை

கழுகுக்கொல்லியின் தொகுதியையும் எழுதிவிடுகிறேன், அதன் சிக்கனம் அழகு. தொடக்கப் பொருள் டிரிப்டோஃபேன் மட்டும். ஏட்எஃப் 5-ஆம் இடத்தில் ஒரு புரோமின் போடுகிறது. இங்கே பாதை பிரிகிறது. ஒரு பங்கை ஏட்ஈ வெட்டி 5-புரோமோ இண்டோல் ஆக்க, ஏட்ஏ அதில் இன்னும் இரண்டு போட்டு 2,3,5-டிரைபுரோமோ இண்டோல் ஆக்குகிறது. மறு பங்குக்கு ஏட்எஃப்பே 7-ஆம் இடத்திலும் ஒன்று போட, ஏட்டி அதன் வாலை நறுக்கி நைட்ரைல் ஆக்குகிறது. கடைசியில் ஏட்பி என்ற பி450 வகை நொதி இரண்டையும் ஒட்டுகிறது. 3 + 2 = 5. இரண்டு ஹாலஜனேஸ், இரண்டுமே ஃபிளேவின் வகை, ஐந்துமே வளையக் கார்பன்.

பிப்ரவரி 7, இரவு 9 | பழைய குடுவை

இப்போது கருவி. "3:1 ஜோடி இல்லை" என்பதை எவ்வளவு நம்பலாம்?

ஒரு குளோரினுக்கு எம்+2 சிகரம் (முதல் சிகரமான எம்-ஐவிட 2 நிறை கூடியது) 32 சதவீதம். இரண்டுக்கு 100:64:10. ஒரு புரோமினுக்கு 100:97. கழுகுக்கொல்லியின் நஞ்சு போல ஐந்து புரோமின் என்றால் 1:5:10:10:5:1, அதாவது 645.6-ல் ஆரம்பித்து 655.6 வரை ஆறு சிகரம், நடுவில் இரண்டு உயரம். மென்பொருள் இதை ஒரே பொருளின் கொத்தாகப் பார்க்காது. சராசரி புரதக் கூறுக்கு ஏற்ற ஐசோடோப்பு வடிவத்தை மனதில் வைத்து எழுதிய நிரல் அது. துண்டு துண்டாகப் பிரித்துப் போடும், அல்லது தூக்கி எறியும். கச்சாத் தரவைக் கண்ணால் பாருங்கள். 1.997 இடைவெளி இருக்கிறதா என்பதுதான் முதல் சோதனை.

அந்த இடைவெளியை வைத்துக் குளோரினா புரோமினா என்று சொல்ல முயல வேண்டாம். குளோரினுக்கு 1.9970, புரோமினுக்கு 1.9980. 500 நிறையில் வித்தியாசம் 2 பி.பி.எம் கூட இல்லை. விகிதம்தான் சொல்லும்.

வேறு சில குழிகள்:

எம்.எஸ்/எம்.எஸ் ஓட்டும்போது பிரிக்கும் சாளரம் 1 டால்டனுக்குக் குறுகலாக இருந்தால் எம் மட்டும் உள்ளே போகும். துண்டுகளில் ஹாலஜன் வடிவம் ஒன்றுமே தெரியாது. 4-க்கு அகலப்படுத்தி ஒரு தடவை ஓட்டுங்கள்.

நெகட்டிவ் மோடில் எம்+குளோரைடு ஒட்டு வந்தால் பொருளில் குளோரின் இல்லாமலே 3:1 தெரியும். எம்-எச் சிகரமும் 35.98 கீழே இருந்தால் அது ஒட்டுதான். நேர்மாறாக, கழுகுக்கொல்லியின் நஞ்சு போன்றவை பாசிட்டிவில் சரியாக அயனியாவதில்லை, நெகட்டிவில்தான் தெரியும். நீங்கள் பாசிட்டிவ் மட்டும் ஓட்டியிருக்கிறீர்கள். 78.918, 80.916 என்று இரட்டை வந்தால் புரோமைடு கழன்று விழுகிறது என்று பொருள்.

சாறு எடுக்கக் குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன் வேண்டாம். டைகுளோரோமீத்தேன் அமீன்களோடு சேர்ந்து குளோரோமெத்தில் உப்பு செய்யும். புதுப் பொருள் கண்டுபிடித்த மகிழ்ச்சி ஒரு வாரம் நிற்கும்.

பிப்ரவரி 8 | உப்பளத்தான்

ஒரு வாரமா? ரெண்டு மாசம்.

பிப்ரவரி 9, இரவு 10 | பழைய குடுவை

காணாமல் போகும் குளோரின்.

மூரீனா என்ற கடல் இழைப்பாசி (முன்பு லிங்பியா, பிறகு மூரியா, பெயர் மாற்றிக் களைத்துவிட்டார்கள்). கியூராசோ தீவிலிருந்து வந்த 3எல் இனம் கியூராசின் ஏ செய்கிறது. அந்த மூலக்கூற்றில் குளோரின் கிடையாது. ஆனால் தொகுதியில் கர்ஏ புரதத்துக்குள் இரும்பு வகை ஹாலஜனேஸ் பகுதி ஒன்று இருக்கிறது, அது வேலையும் செய்கிறது. சங்கிலியில் தொங்கும் கிளையில் குளோரின் போடுகிறது. அடுத்து நீர் நீக்கம், கார்பாக்சில் நீக்கம். பிறகு ஒரு ஒடுக்கும் பகுதி வந்து ஹைட்ரைடு தள்ள, குளோரைடு கழன்று விழுந்து அந்த இடத்தில் சைக்ளோபுரோப்பேன் மூடிக்கொள்கிறது. கழன்று விழுவதற்கென்றே ஒட்டப்பட்ட குளோரின்.

ஜமைக்கா இனமான ஜேஎச்பி-யின் ஜமைக்கமைடில் கிட்டத்தட்ட இதே கருவிப்பெட்டி. ஆனால் அந்த ஒடுக்கும் பகுதி சைக்ளோபுரோப்பேன் மூடாது. குளோரின் அப்படியே வினைல் குளோரைடாகத் தங்கிவிடுகிறது. அதே மூலக்கூற்றின் மறுமுனையில் அல்கைன் நுனியில் ஒரு புரோமின். அதைப் போடுவது ஜாம்டி என்ற ஃபிளேவின் நொதி.

ஆகவே ஹாலஜனேஸ் உயிரோடு இருந்தும் கடைசிப் பொருளில் ஹாலஜன் இல்லாமல் போகலாம். சில்சி இன்னும் தெளிவு. சிலிண்ட்ரோஸ்பெர்மம் லைக்கெனிஃபார்மே தன் டெக்கனாயில் சங்கிலியின் 6-ஆம் கார்பனில் (சி–எச், எதற்கும் அசையாதது) சில்சி மூலம் குளோரின் போடுகிறது. பல படி கழித்து சில்கே அந்தக் குளோரினைக் கழற்றி, அந்தக் கார்பனை இன்னொரு மூலக்கூற்றின் வளையத்தோடு ஒட்டுகிறது. இரண்டு முறை செய்தால் பெரிய வளையம் மூடிவிடும், சிலிண்ட்ரோசைக்ளோஃபேன். 2017-இல் ஹார்வர்டில் பால்ஸ்கஸ் குழு இதை வெளியிட்டது. வேதியியல் வகுப்பில் அல்கைல் குளோரைடை வைத்து ஃபிரீடல்–கிராஃப்ட்ஸ் செய்வோமே, அதேதான், அலுமினியம் குளோரைடு இல்லாமல், வெந்நீர் கூடக் காட்டாமல்.

உங்கள் தொகுதியில் ஹாலஜனேஸ் பக்கத்தில் சில்கே போன்றதோ, ஈ.சி.எச் ஜோடியும் (நீரையும் கார்பாக்சிலையும் நீக்குபவை) ஈ.ஆர் பகுதியும் (ஒடுக்கும் பகுதி) சேர்ந்தோ இருக்கிறதா?

பிப்ரவரி 10 | குளத்தங்கரை

ரெண்டும் இல்லை சார். ஹாலஜனேஸ் ரெண்டு, சின்ன கேரியர் புரதம் ஒண்ணு, அப்புறம் என்.ஆர்.பி.எஸ். புரோமைடு குடுவை வெச்சாச்சு. எப்படிச் செய்யணும்னு ஒழுங்கா எழுதுங்களேன்.

பிப்ரவரி 10, இரவு | பழைய குடுவை

நாலு குடுவை, ஒவ்வொன்றிலும் 50 மில்லி.

அ: சாதா பிஜி-11. ஆ: அதோடு பொட்டாசியம் புரோமைடு 50 மி.கி./லிட்டர். இ: குளோரைடு நீக்கிய பிஜி-11 + புரோமைடு. ஈ: குளோரைடு நீக்கியது மட்டும்.

குளோரைடு நீக்க, கால்சியம் குளோரைடுக்குப் பதில் கால்சியம் நைட்ரேட் டெட்ராஹைட்ரேட் 58 மி.கி./லிட்டர். மாங்கனீசு குளோரைடுக்குப் பதில் மாங்கனீசு சல்ஃபேட் மோனோஹைட்ரேட் 1.55 மி.கி./லிட்டர். விதைக்கும் பாசியை நீக்கிய ஊடகத்தில் இரண்டு முறை கழுவ வேண்டும். 3000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றியும் மிதந்தால் வாயுக்குமிழி உள்ள இனம். ஊசிக்குழாயில் ஏற்றி, முனையை மூடி, பிஸ்டனை அழுத்திக் குமிழியை உடைத்தால் இறங்கும்.

30 மைக்ரோமோல் ஒளி, 25 டிகிரி, 4 வாரம். உறைய வைத்து உலர்த்தி, நாலிலும் சரியாக 20 மி.கி. நிறுத்து, 1 மில்லி மெத்தனாலில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் ஒலிக்குளியல். நாலையும் ஒரே நாளில், ஒரே நிரலில் (கருவியின் பிரிக்கும் குழாய்) ஓட்டுங்கள்.

பிப்ரவரி 11, காலை 6.50 | பழைய குடுவை

இரண்டு சேர்க்கை. ஒளித்தொகுதி 2-இன் நீர் பிளக்கும் மையத்துக்குக் குளோரைடு வேண்டும். ஆகவே ஈ மெலிந்து வளரும். அதில் பொருள் வரவில்லை என்பதை வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது. இ-யில் புரோமைடு அந்த இடத்தில் உட்கார்ந்து வேலையைச் செய்துவிடும், அது பிழைத்துக்கொள்ளும். ஒப்பிடும்போது உலர் எடைக்குத்தான் கணக்கு, குடுவைக்கு அல்ல.

இன்னொன்று, பி.எச் மின்முனையை நீக்கிய ஊடகத்துக்குள் முக்க வேண்டாம். உள்ளே 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது, அது கசியும். தனியாக 5 மில்லி ஊற்றி அளந்து, அதைக் கொட்டிவிடுங்கள். மணிக்கணக்காக நிறுத்து நிறுத்துச் செய்த ஊடகம் இந்த ஒரு முக்கலில் கெட்டுப்போகும்.

பிப்ரவரி 14 | பழைய குடுவை

நொதியைத் தனியாகச் செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு, இரும்பு வகைக்கு மட்டும்.

டிரிஸ் வேண்டாம். 50 மில்லிமோலார் டிரிஸை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் 7.5-க்குக் கொண்டுவந்தால் கிட்டத்தட்ட 40 மில்லிமோலார் குளோரைடு உள்ளே வந்துவிட்டது. ஹெப்பஸை சோடியம் ஹைட்ராக்சைடால் சரி செய்யுங்கள். நிக்கல் நிரலில் போன 300 மில்லிமோலார் சோடியம் குளோரைடை உப்பு நீக்கும் நிரலில் கழுவ வேண்டும். ஒரு தடவை போதாது. இரும்புக்கு ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட், ஃபெரஸ் குளோரைடு அல்ல. பிறகு நீங்களே அளந்து குளோரைடோ புரோமைடோ சேர்க்கலாம்.

வரிசை முக்கியம். ஆக்சிஜன் இல்லாப் பெட்டிக்குள் நொதி, இரும்பு, கீட்டோகுளுட்டரேட், ஹாலைடு, தளப்பொருள் எல்லாம் கலந்தபின் கடைசியில்தான் காற்றைத் திறக்க வேண்டும். தளப்பொருள் இல்லாமல் காற்றுபட்டால் நொதி தன்னையே ஆக்சிகரித்துக்கொண்டு செத்துவிடும்.

அதிகம் பேர் விழும் குழி: லியூசினைச் சும்மா கரைத்து ஊற்றுவது. ஒன்றும் நடக்காது. இந்த நொதிகளில் பல, கேரியர் புரதத்தின் பேன்டெத்தீன் கையில் தொங்கும் அமினோ அமிலத்தைத்தான் தொடும். ஈ. கோலையில் செய்த கேரியர் பெரும்பாலும் அந்தக் கை இல்லாமலே வரும். எஸ்.எஃப்.பி நொதியும் கோஏ-யும் சேர்த்துக் கையை ஒட்ட வேண்டும். தனி மூலக்கூற்றைத் தொடும் இரும்பு ஹாலஜனேஸும் உண்டு. 2014-இல் ஹாப்பலோசைஃபானில் வந்த வெல்ஓ5-தான் அப்படி முதலில் தெரிந்தது. அது விதிவிலக்காக வந்த அதிர்ஷ்டம், அதை நம்பித் தொடங்காதீர்கள்.

வினை நடந்ததா என்று முழுப் புரதத்தின் நிறையில் பாருங்கள். ஒரு குளோரினுக்கு 33.96 கூடும்.

பிப்ரவரி 14, பத்து நிமிடம் கழித்து | பழைய குடுவை

தப்பு. முழுப் புரதத்துக்குச் சராசரி நிறைதான் தெரியும், ஆகவே 34.4. கையை மட்டும் உடைத்துப் பார்க்கும் முறையில்தான் 33.96.

பிப்ரவரி 16 | உப்பளத்தான்

ஹைட்ரில்லா நம்ம குளத்திலயும்தான் இருக்கு. பள்ளிக்கூடத்துல புனலைக் கவிழ்த்து, மேல சோதனைக்குழாய் வெச்சு ஆக்சிஜன் குமிழி எண்ணினோமே, அதே செடிதானே? கழுகு ஏன் சாகலை?

பிப்ரவரி 16, இரவு | பழைய குடுவை

அதே செடிதான். அமெரிக்காவுக்கு அது அந்நியர். 1950-களில் மீன்தொட்டி வியாபாரம் வழியாக, இலங்கையிலிருந்து ஃப்ளோரிடாவுக்குப் போனதாகத்தான் பொதுவாக எழுதுகிறார்கள். மரபணு ஒப்பீட்டில் அங்குள்ள ஆண்–பெண் தனிச்செடி வகை பெங்களூர்ச் செடியோடு பொருந்துகிறது.

நஞ்சு வர ஹைட்ரில்லா மட்டும் போதாது, இந்தப் பாசி வேண்டும், புரோமைடும் வேண்டும். ஹைட்ரில்லா புரோமைடைத் தண்ணீரிலிருந்து இழுத்துச் சேர்த்து வைக்கும் குணம் உள்ளது. பாசி அந்த இலையிலேயே குடியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் ஹைட்ரில்லாவைக் கொல்ல அடிக்கும் டைக்குவாட் என்ற களைக்கொல்லி டைபுரோமைடு உப்பாகத்தான் விற்கிறது. செடியைக் கொல்லப் போய் பாசிக்கு மூலப்பொருள் சப்ளை செய்திருக்கலாம் என்று அந்த 2021 கட்டுரைக்காரர்களே ஐயப்படுகிறார்கள்.

பிப்ரவரி 17 | பழைய குடுவை

இந்த இடத்தில் கடற்பஞ்சையும் சொல்லணும். டிசிடியா பஞ்சிலிருந்து எடுத்த புரோமினேற்றிய டைஃபீனைல் ஈதர்களைப் பஞ்சின் பொருளாகவே பல காலம் எழுதினார்கள். குவாம் தீவுப் பஞ்சுகளில் செய்த வேலை, உள்ளே குடியிருக்கும் ஹார்மோசில்லா பாசியின் மரபணுக்களே அதைச் செய்கின்றன என்று 2017-இல் காட்டியது. வீட்டுக்காரர் பெயரில் குடித்தனக்காரரின் வேலை.

மார்ச் 12 | குளத்தங்கரை

வந்துடுச்சு சார்! ஆ குடுவையில, பாசிட்டிவ்லயே, ஒரு நல்ல சிகரம். எம்+2 எம்-க்குச் சமம். முழு விகிதம் 100:101:36:5. ஒரு புரோமின்! நீங்க சொன்னபடி புரோமைடுதான் காரணம்.

மார்ச் 12, இரவு 11.50 | பழைய குடுவை

மகிழ்ச்சியைக் கெடுக்கிறேன், மன்னிக்கவும். மூன்றாவது எண்ணைப் பாருங்கள்.

ஒரு புரோமினுக்கு எம்+4 கிட்டத்தட்ட இருக்கவே கூடாது. கார்பனும் ஒரு கந்தகமும் சேர்த்தால் 6 சதவீதம் வரலாம். உங்களுக்கு 36. இது மூன்று குளோரின். வெறும் மூன்று குளோரினுக்கு 100:96:31:3. அதன்மேல் ஒரு கந்தகம் எம்+2-க்கு 4.5 சதவீதம் கூட்டும், 20 கார்பன் இன்னொரு 2. அப்போது எம்+2 எம்-ஐத் தாண்டும், எம்+4 36-ஐத் தாண்டும், கடைசி 5 ஆகும். புரோமின் என்று ஏமாற இதைவிட நல்ல வேஷம் கிடையாது.

பார்பமைடு நினைவுக்கு வருகிறதா? அதே 3எல் மூரீனா செய்யும் இன்னொரு பொருள். நிறை 461.06, கந்தகம் உள்ள தையசோல், லியூசினின் ஒரு மெத்திலில் மூன்று குளோரின். பார்ஏ கேரியரில் லியூசின் தொங்க, பார்பி1, பார்பி2 என்ற இரண்டு இரும்பு ஹாலஜனேஸ் பக்கத்தில் பக்கத்தில். ஒரே உயிரி கியூராசினில் குளோரினைக் கழற்றி எறிகிறது, பார்பமைடில் மூன்றையும் வைத்துக்கொள்கிறது.

நீங்கள் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள்: ஃபைட்டனாயில்-கோஏ டைஆக்சிஜனேஸ் குடும்பம், பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று. 10-ஆம் தேதி சின்னக் கேரியரும் சேர்ந்துகொண்டது. அந்தக் குடும்பம் என்றாலே இரும்பு வகை. கழுகுக்கொல்லி ஃபிளேவின் வகை. நான் கழுகைப் பார்த்த வேகத்தில் அந்த வரியைப் படிக்காமல் புரோமைடு போடச் சொல்லிவிட்டேன். 3:1 தேடினால் 1:1 கண்ணில் படாது என்பதையும் 7-ஆம் தேதியே எழுதியிருக்க வேண்டும். மூன்று குளோரின் விகிதத்தை அந்தப் பட்டியலில் விட்டதும் நான்தான்.

அ குடுவையின் தரவைத் திறந்து அதே நேரத்தில் பாருங்கள்.

மார்ச் 13, காலை 8 | குளத்தங்கரை

அ-விலும் இருக்கு. அதே உயரம். பழைய பிப்ரவரித் தரவுலயும் இருக்கு, மென்பொருள் ரெண்டு தனிப் பொருள்னு பிரிச்சு வெச்சிருக்கு. இ-யில காணோம். அப்போ ஆ, இ ரெண்டும் வீணா?

மார்ச் 13, மதியம் | பழைய குடுவை

வீண் இல்லை. இரும்பு வகைகளில் சில புரோமைடையும் ஏற்கும். சிர்பி2 என்ற நொதி ஏற்கிறது. ஆ-வில் குளோரைடும் புரோமைடும் ஏறத்தாழ சம அளவில் இருந்தன. ஒரு குளோரினுக்குப் பதில் ஒரு புரோமின் புகுந்திருந்தால் நிறை 43.95 கூடும். விகிதம் 100:161:72:10 என்று, இரண்டாவது சிகரம் தலைதூக்கி நிற்கும். நிரலில் கொஞ்சம் பிந்தி வரும். இ-யில் மூன்றும் புரோமினாக 131.85 கூடித் தேடுங்கள், 1:3:3:1 வடிவம். இரண்டிலும் இல்லையென்றால் உங்கள் நொதி புரோமைடைத் தொடுவதில்லை, அதுவும் எழுதத்தக்க முடிவுதான்.

அதற்கு முன் இரண்டு ஹாலஜனேஸ் வரிசையையும் ஒப்பிட்டு, ஹிஸ்டிடினுக்கு ஒன்று தள்ளி வரும் எழுத்தைப் பாருங்கள். இரண்டிலும் அலனைனா, கிளைசினா, இல்லை ஒன்றில் அஸ்பார்ட்டேட்டா?

மார்ச் 13, மாலை | குளத்தங்கரை

ரெண்டுலயும் அலனைன்.